கேமிங்கா, எடிட்டிங்கா?

ரிச்சி ஸ்ட்ரீட் கணக்குப்படி மனித குலம் இரண்டே வகை. கேமிங் ஆட்கள், எடிட்டிங் ஆட்கள். லேப்டாப் கேட்டுக் கடைக்குள் கால் வைத்ததும் இரண்டில் நாம் எது என்று சொல்லிவிட வேண்டும். நான் "டிராயிங்" என்றேன். கடைப் பையன் என் நரையைப் பார்த்தான். குழந்தைகள் பேனாவால் கிறுக்குகிற டேப்லட் ஒன்றை எடுத்து நீட்டி, "பேத்திக்கா சார்?" என்றான்.

எனக்கு ரெவிட் ஓட வேண்டும். நாலு மாடிக் குடியிருப்பை, தூண், உத்தரம், கழிவுநீர்க் குழாய் உட்பட முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டுகிற மென்பொருள் அது. சாதாரண லேப்டாப்பில் திறந்தால், மாடல் திறப்பதற்குள் மேஸ்திரி நிஜக் கட்டடத்தில் லிண்டல் போட்டுவிடுவார். அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் மொபைல் வொர்க்ஸ்டேஷன் தேடி அலைகிறோம். டெல்லில் பிரிசிஷன், எச்பியில் இசட்புக், லெனோவாவில் திங்க்பேட் பி வரிசை எல்லாம் இந்த சாதிதான்.

"கேமிங்கே வாங்கிக்கங்க சார், அதுல எல்லாம் ஓடும்" என்பது கடைக்காரர்களின் வாதம். முழுப் பொய்யில்லை. உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் ஒரே வம்சம். ஆனால் கட்டட மென்பொருள் நிறுவனங்கள், எந்த கிராபிக்ஸ் கார்டு எந்த டிரைவரோடு ஒழுங்காக ஓடுகிறது என்று சோதித்துப் பட்டியல் போடுகின்றன. பட்டியலில் உள்ளதை வாங்கினால் தொல்லை வராது என்று அர்த்தமில்லை. வந்தால் அவர்கள் கார்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு போனை வைக்க முடியாது, அவ்வளவுதான். தவிர, நாற்பது லட்சம் போட்டு வீடு கட்டுகிறவர் முன்னால் சிவப்பு, பச்சை, ஊதாவில் கண்சிமிட்டும் கீபோர்டைத் திறந்து வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். என்னிடம் அது இல்லை.

அடுத்து கோர் கணக்கு. "பதினாறு கோர் சார்!" என்று பையன் குரலை உயர்த்தினான். ரெவிட்டில் அன்றாட வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் நடக்கும். ரோட்டில் பள்ளம் தோண்டுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள்: ஒருவர் தோண்டுவார், மற்றவர்கள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மீதிப் பதினைந்து கோரும் அப்படித்தான். ரெண்டர் போடும்போதுதான் எல்லாரும் கடப்பாரை எடுப்பார்கள்.

இந்த ரகத்துக்குப் பைத்தியக்காரத்தனமான முன்னோர் உண்டு. லெனோவா 2008 கடைசியில் டபிள்யு700டிஎஸ் என்று ஒன்றை அறிவித்தது. 17 அங்குலத் திரை போதாதென்று, அதன் பக்கவாட்டிலிருந்து 10.6 அங்குலத்தில் இன்னொரு திரை இழுப்பறை போல வெளியே வரும். கை வைக்கும் இடத்தில் வரைபலகை வேறு. எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. அதை மடியில் வைத்துக்கொண்டவர்களின் முழங்கால் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும்.

புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தொடும், தாண்டும். எனவே செகண்ட்ஸ். பெரிய கம்பெனிகள் இவற்றை மூன்று நான்கு வருடக் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் லாட் லாட்டாகக் கழித்துவிடும். அப்படி வருவது 'கார்ப்பரேட் லாட்'. கீறல் குறைந்தது ஏ கிரேடு. பி கிரேடுக்கு மூடியில் கொஞ்சம் வரலாறு இருக்கும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று, பலருக்குத் தெரியாது. விண்டோஸைப் புதிதாக ஏற்றி வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். பழைய கம்பெனி தன் பதிவேட்டிலிருந்து இயந்திரத்தை எடுக்காமல் விட்டிருந்தால், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி நம்மை வரவேற்று, அலுவலகக் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒரு பீஸ் என்னை அப்படித்தான் வரவேற்றது. இத்தனை வயதுக்குமேல் எனக்கு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது அந்த ஒரு நிமிடம்தான். "அது ஒண்ணுமில்ல சார், நெட் போடாம யூஸ் பண்ணுங்க" என்றான் பையன்.

வேறொன்றை எடுத்தேன். மூன்று கிலோவுக்கு மேல். கடையிலிருந்து படி இறங்கும்போதே தோள்பட்டை தன் அபிப்பிராயத்தைச் சொன்னது.

பிறகு மெமரி ஏற்றும் படலம். இந்த ரக இயந்திரங்கள் பலவற்றில் ராமுக்கு நாலு ஸ்லாட் இருக்கும். இரண்டு அடிமூடிக்குக் கீழே, கையெட்டும் இடத்தில். மற்ற இரண்டு கீபோர்டுக்கு அடியில். விற்றவர்கள் எந்த இரண்டை நிரப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டைக் கழற்றி, 16 ஜிபி குச்சிகள் இரண்டைச் செருகினால் வேகம் கூடவில்லை. நாலில் எது மெதுவோ, மற்ற மூன்றும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். சமத்துவம் நடைமுறையில் உள்ள ஒரே இடம்.

எஸ்எஸ்டி மாட்டுவது சுலபம். அதைப் பிடித்து நிறுத்துகிற எள்ளளவு திருகாணி இருந்தால். உலகத்தில் எந்த எஸ்எஸ்டிக்கும் அந்தத் திருகாணி இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும் இயந்திரம் நகர மறுத்தது. சுவரைச் சுட்டினால், யோசித்துவிட்டுப் பிறகு நீல நிறமாகும். டாஸ்க் மேனேஜரில் 2.9 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய பிராசசர் 0.8-இல் தவழ்ந்துகொண்டிருந்தது. ஊரே வைத்தியம் சொன்னது. அக்கா மகன் வைரஸ் என்றான். பக்கத்து வீட்டு ஐடிக்காரர் விண்டோஸ் அப்டேட்டைத் திட்டினார். தாம்பரத்தில் ஒரு டெக்னீஷியன் ராமைக் கழற்றி, அதன் தங்கப் பல்வரிசையை ஸ்கூல் ரப்பரால் தேய்த்து மாட்டினார். கேலியில்லை, படிந்த அழுக்குக்கு அது நல்ல மருந்து. இந்த நோய்க்கு இல்லை. இன்னொருவர் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று புதிதாகப் பூசினார். எல்லாரும் கடைசியில் ஒருமனதாகச் சொன்னது: "ஃபார்மட் அடிச்சுடலாம் சார்." இயந்திரமோ ஒவ்வொரு முறை எழும்போதும் கறுப்புத் திரையில் ஏதோ நாலு வரி காட்டும். அவர்கள் என்டரைத் தட்டி அதைக் கடந்துவிடுவார்கள்.

மீண்டும் ரிச்சி ஸ்ட்ரீட். சந்துக்குள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த இளைஞன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. சார்ஜரைக் கையில் வாங்கி, ரெண்டு தரம் மேலும் கீழும் ஆட்டினான்.

"கனமே இல்லையே சார்."

"ஒரிஜினல்னு கொடுத்தாங்க தம்பி."

"ஒரிஜினல்தான். வேற மாடலோடது."

மேலே ஒட்டியிருந்த கடை வாரண்டி ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். அடியில் 90 வாட் என்று இருந்தது. என் இயந்திரத்துக்கு வேண்டியது 240. சார்ஜர் முனையின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி உண்டு. 'நான் இத்தனை வாட்' என்று சார்ஜர் உண்மையை ஒப்புக்கொள்வது அதன் வழியாகத்தான். அதைக் கேட்டதும் இயந்திரம் தன் வேகத்தைக் கீழே இறக்கிக்கொள்கிறது. கறுப்புத் திரையின் நாலு வரியும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சரியான சார்ஜர் செங்கல் கனத்தில் வந்தது. மாட்டியதும் நாலு மாடியும் சர்ரென்று எழுந்து நின்றது, விசிறி கிரைண்டர் சத்தத்தில் பாட.

அந்த வாரமே காஞ்சிபுரத்தில் ஒரு மனைக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கு எலிவேஷனை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்ட வேண்டும். லேப்டாப், செங்கல் எல்லாம் தூக்கிப் போனேன். மனையில் கரண்ட் இல்லை. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் லேப்டாப் கம்பெனிகள் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்கின்றன. 240 வாட் கேட்கிற இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் அது அரைமணிக்குக்கூடக் காணாது. எனவே செருகியை எடுத்ததும் இயந்திரம் தானே அடக்கி வாசிக்கத் தொடங்கிவிடும். மாடல் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. வெயிலில் திரை வேறு தெரியவில்லை. வீட்டுக்காரர் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"நல்லாருக்கு இன்ஜினியர் சார். இதை வாட்ஸாப்ல ஒரு போட்டோவா போட்டு விட்ருங்களேன்?"