வாய்க்காலுக்கு மேற்கே ஒரு மேதை

புதுச்சேரியில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்த சாமிகள் எல்லாம் தீர்த்தவாரி முடித்து ஊர் திரும்பிய பிறகு, சித்திரை வெயில் மண்டையைப் பிளப்பதற்கு முன்னால், காலை ஆறிலிருந்து எட்டு வரை கொஞ்சம் காற்று வரும். வேப்பம்பூ வாசனையும் இருக்கும். அதைத்தான் நாங்கள் வசந்தம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய வீதிகளை நடந்து பார்க்க வருகிறவர்கள் இந்தச் சமயத்தில் வருவார்கள். அவர்களைப் பிடிக்க இவரும் வருவார்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர். எந்தத் துறை என்று கேட்டால், "எல்லாத்தையும் பார்த்தாச்சு தம்பி" என்பார். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் சுருட்டிய பேப்பர். பேப்பர் படிப்பதற்கு இல்லை, கட்டடங்களைச் சுட்டிக்காட்டுவதற்கு. பெரிய வாய்க்கால் ஓரமாக நிற்பார். கிழக்கே துய்மா வீதியில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி எல்லாவற்றோடும் படம் எடுத்து முடித்த சென்னைப் பிள்ளைகள், "அவ்ளோதானா பாண்டி?" என்று ஒருவரையொருவர் கேட்கிற நொடிக்காகக் காத்திருப்பார்.

"அந்தப் பக்கம் இருக்கறது சுவருப்பா. வீடு இந்தப் பக்கம். வாங்க."

காசு வாங்க மாட்டார். பாதியில் போகவும் விட மாட்டார்.

ஊர் வரலாற்றை வாய்க்கால் தாண்டுவதற்குள் முடித்துவிடுவார். "ஒல்லாந்துக்காரன் 1693இல பிடிச்சான். வீதிக்குக் கோடு போட்டான். 1699இல பிரெஞ்சுக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்தான். 1761இல இங்கிலீஷ்காரன் வந்து இடிச்சுத் தள்ளினான். அப்புறம் லா துரை வந்து திரும்பக் கட்டினான். கல்லு தூக்கினது மட்டும் எப்பவும் நம்மாளு." இதைச் சொல்லிவிட்டு, தானும் இரண்டு கல் தூக்கியவர் மாதிரி தோளைத் தடவிக்கொள்வார்.

வைசியாள் வீதிக்கு வந்ததும் நடை மாறும். சீரமைத்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்ற வீதி அது. அந்த விருதை வாங்கிய தோரணையில்தான் உள்ளே நுழைவார். உண்மையில் வீதியும் அப்படிப்பட்டதுதான். தெருவோடு ஒட்டி மரத்தூண் நிறுத்திய சாய்ப்பு, வழிப்போக்கன் ஒதுங்குவதற்கு. அதற்குள்ளே திண்ணை, தெரிந்தவன் உட்காருவதற்கு. செதுக்கிய கதவுக்கு அப்பால் முற்றம், அது உறவுக்காரனுக்கு. கீழே இவ்வளவு தமிழாக இருக்கிற வீட்டுக்கு மாடியில் மட்டும் வளைவு ஜன்னல், மரச்சட்டப் பலகணி என்று பிரெஞ்சுத் தொப்பி. இவர் தூணை விரல் முட்டியால் தட்டுவார். "பர்மா தேக்கு." அடுத்த வீட்டுத் தூண், பர்மா தேக்கு. ஒரு வீட்டு வாசலில் போன வருஷம் வந்த பிளைவுட் பலகையையும் தட்டிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "இதுவும் அந்த ஜாதிதான்" என்றார்.

கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம், "ஏம்மா, பசங்களுக்கு முற்றத்தைக் கொஞ்சம் காட்டட்டுமா?"

"நேத்துதானே சார் ஒரு கூட்டத்துக்குக் காட்டினீங்க? உள்ள வத்தல் காயுது. மிதிக்காம பார்த்துட்டுப் போங்க."

1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை இவர் "நம்ம பிள்ளை" என்றுதான் சொல்வார். துய்ப்ளேக்ஸ் துரை பிள்ளையிடம் என்ன கேட்டார், பிள்ளை எந்த முகத்தோடு பதில் சொன்னார் என்பதெல்லாம், பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டதுபோல வரும். பாரதி விஷயத்தில்தான் கை கொஞ்சம் தாராளம். பாரதி இந்த ஊரில் இருந்தது 1908 முதல் 1918 வரை. இவர் காட்டுகிற திண்ணைகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தால், அந்த மனிதருக்கு ஒரு வரி எழுத நேரம் கிடைத்திருக்காது.

முல்லா வீதியில் மட்டும் குரல் இறங்கும். காரணம் பக்தி இல்லை. அங்கே ஒரு திண்ணையில் இவரைவிடப் பத்து வயது மூத்த பாய் ஒருவர் இருக்கிறார். "ஒல்லாந்துக்காரன்..." என்று இவர் ஆரம்பித்தாலே, "தம்பி, வருஷத்தைச் சரியாச் சொல்லு" என்று உள்ளிருந்து சத்தம் வரும். அந்த வீதியை வேகமாகக் கடந்துவிடுவார்.

கடைசியில், கூட்டத்தில் இருக்கிற ஒரு பெண் எப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். "உங்க வீடு எது அங்கிள்?"

பேப்பர் ஒரு கண்ணாடி முகப்பு ஜவுளிக்கடையை நோக்கி நீளும். "அந்த இடம்தான். அண்ணன் தம்பி அஞ்சு பேரு. முற்றத்தை எப்படிம்மா அஞ்சாப் பிரிக்கறது? நான்தான் முதல்ல சொன்னேன், வித்துடலாம்னு." தூணெல்லாம் என்னவாயிற்று என்று ஒரு பையன் கேட்டால், "நல்ல விலைக்குப் போச்சு. பர்மா தேக்காச்சே!" சொல்லும்போது முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

இப்போது இருப்பது லாசுப்பேட்டையில் மூன்றாவது மாடி. "அதுவும் லா துரை பேருல இருக்கற பேட்டைதான்" என்று ஆறுதல் சொல்வார், அவர்களுக்கா தனக்கா என்று தெரியாது. அங்கே திண்ணை ஏது? மாடிப்படி இருக்கிறது. கரண்ட் போய் லிஃப்ட் நின்ற சாயங்காலங்களில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துகொள்கிறார். காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வருகிற யாரும் 1761ஐத் தாண்டாமல் மேலே போக முடியாது. சங்கக் கூட்டத்தில் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, எதிர்த்துக் கை தூக்கியவர் இவர் ஒருவர்தான்.