ஆபீஸ் சார்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் அரசு உதவி பெறும் பழைய பள்ளி ஒன்று இருக்கும். அதன் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை; அந்த அறையில் ஆபீஸ் சார். ஹெச்.எம். மாறுவார், கரஸ்பாண்டென்ட் மாறுவார், பாடத்திட்டம் மாறும். சார் நாற்காலியில் போட்ட துண்டு மாறாது. சம்பளப் பட்டியலில் அவர் வெறும் இளநிலை உதவியாளர். ஆனால் பள்ளியின் வட்ட முத்திரை இருக்கும் பீரோச் சாவி அவர் அரைஞாணில்.

அவரிடம் எதைக் கேட்டாலும், "நாளைக்கு வாங்க" என்பார். முன்பெல்லாம் அதற்கு ஒரே காரணம்: "ஹெச்.எம். டி.பி.ஐ. போயிருக்கார்." கல்லூரிச் சாலையில் இருக்கும் அந்தக் கல்வித் துறை வளாகத்துக்கு 2022-இல் பேராசிரியர் அன்பழகன் பெயரை வைத்தாயிற்று, சாருக்கு அது இன்னும் டி.பி.ஐ.தான். மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளம் வந்த பிறகு இரண்டாவது காரணமும் கிடைத்தது: "சர்வர் டவுன்." ஆக, ஒரு போனஃபைடு சான்றிதழுக்கு ஹெச்.எம்.மும் சர்வரும் ஒரே நாளில் இடத்தில் இருக்க வேண்டும். அமாவாசையும் சோமவாரமும் சேர்ந்து வருவதுகூட இதைவிடச் சுலபம்.

பிள்ளைகளுக்குப் படிப்பைச் சொல்லித் தருவது ஆசிரியர்கள் வேலை. அந்தப் பிள்ளை யார் என்று முடிவு செய்வது சார் வேலை. பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் அவர் பேனா சொன்னபடிதான். ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிரம்பாத பையனை இழுத்துக்கொண்டு அந்தக் காலத்தில் அப்பாக்கள் வருவார்கள். "எப்போ பிறந்தான்?" "நவராத்திரிக்கு சார்." "அப்போ அடுத்த வருஷம் வாங்க." அப்பா முகம் வாடும். சார் மனம் இளகும். பையன் அந்த வருஷத்து மே மாதத்திலேயே பிறந்துவிடுவான். இப்படி மே மாதத்தில் பிறந்தவர்கள்தான் இன்று மயிலாப்பூரில் பாதிப் பேர். நட்சத்திரப்படி திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடப்பதற்கு ஐந்து மாதம் முன்பே சர்க்கார் அவர்களுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

அங்க அடையாளம் எழுதும் நாளில் சாரைப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரிசையாக நிற்கும். தலைக்கு இரண்டு மச்சம் வேண்டும்.

"எங்கடா இருக்கு?"

"கழுத்துல ஒண்ணு சார்."

"இன்னொண்ணு?"

"இல்ல சார்."

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பையனை முன்னும் பின்னும் திருப்பி, முழங்கையைத் தூக்கிப் பார்ப்பார். தோல் சுத்தம். "சைக்கிள் ஓட்டத் தெரியுமா? போய்க் கத்துக்கோ. நாளைக்கு முட்டியைக் காட்டு."

மாற்றுச் சான்றிதழில் மட்டும் அவர் கர்ணன். 'ஒழுக்கம்' என்ற இடத்தில் 'நன்று' என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. பெஞ்சை உடைத்தவன், சுவரேறிக் குதித்து மேட்னி ஷோ போனவன், எல்லோரும் நன்று. "போறவனை எதுக்கு சார் கெடுக்கணும்?" என்பார்.

2024-இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிகள் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கக் கூடாது, கட்டண பாக்கியை அதில் எழுதவும் கூடாது. ஒரு தாயார் அந்தப் பேப்பரை மேஜை மேல் விரித்தார். சார் வரி விடாமல் படித்தார். "கரெக்ட்டுமா. 2009 ஆர்.டி.இ. சட்டத்திலேயே டி.சி. லேட்டானா அட்மிஷனை நிறுத்தாதேன்னு இருக்கு. நீங்க தாராளமா போகலாம்." ஒரு நிமிடம் கழித்து, "பின்னாடி பாஸ்போர்ட்டுக்கு வருவீங்க இல்ல, அப்போ பார்த்துக்கலாம்" என்றார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை வாழ்த்தியவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் பீரோவோடு சான்றிதழ்களும் போயின. நகல் கொடுக்க அரசு முகாம் போட்டது. நகல் எடுக்க மூலம் வேண்டுமே? அது அவர் பரண் மேல் இருந்தது. 1978-இல் பிளஸ் ஒன் வருவதற்கு முந்தைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.காரர்களின் பதிவேடு வரை துணியில் கட்டி, அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். அந்த வாரம் மட்டும் யாரையும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லவில்லை. எந்த ஆண்டு என்று கேட்பார், ஏணியில் ஏறுவார், தும்முவார், எடுத்துக் கொடுப்பார்.

இந்த மே மாதத்தோடு சாருக்கு ரிடையர்மென்ட். பிரிவு உபசார விழாவில் அவர் மனைவி மெதுவாக ஒன்றைச் சொன்னார்: சாரும் நிஜத்தில் ஐப்பசியில் பிறந்தவராம். அவர் சேர்ந்த பள்ளியிலும் ஓர் ஆபீஸ் சார் இருந்திருக்கிறார். ஐந்து மாதச் சம்பளம் ஆயிற்றே, திருத்தக் கூடாதா என்று கேட்டதற்கு, கேட்டவரைப் பதிவேட்டில் மை கொட்டியவனைப் போலப் பார்த்தார்.

"ரிஜிஸ்டர்ல மே-ன்னு இருக்கு சார். அப்போ நான் மே மாசம்தான் பிறந்தேன்."