பீலித் தண்ணீரும் டீசல் டாங்கியும்

கேள்வி: ஊற்றுத் தண்ணீர் விழும் எங்கள் பீலிக்குக் கீழே தேங்கும் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. டீசலா?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால், இரும்புச் சத்துள்ள ஊற்றில் வளரும் பக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். உடனே மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய் என்று சந்தேகப்படுங்கள். மண்ணெண்ணெய் வாசமும் வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: கொதிக்க வைத்தால் சரியாகாதா?
(தலவாக்கலை)

பதில்: கிருமி சாகும், டீசல் சாகாது. எண்ணெயில் இருக்கும் பென்சீன் போன்றவை ஆவியாகிப் போகும். போவது உங்கள் காம்பராவுக்குள். அதை மூச்சில் இழுப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்ணும் பக்கத்தில் விளையாடும் பிள்ளையும். குளோரின் போட்டாலும் எண்ணெய் போகாது.

கேள்வி: வாசமே இல்லையென்றால் பயமில்லைதானே?
(மஸ்கெலியா)

பதில்: மூக்கை நம்பாதீர்கள். இரத்தப் புற்றுநோய் தரக்கூடிய பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதைவிடப் பல மடங்கு இருந்தாலும் வாசம் தெரியாது.

கேள்வி: சுன்னாகத்தில் நடந்தது சுண்ணாம்புக்கல் பூமியில். நம் கருங்கல் மலையில் எண்ணெய் எப்படி இறங்கும்?
(ஹட்டன்)

பதில்: முதலில் சுன்னாகத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்குக் கிணறுதான் உயிர். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியது. எதை நம்புவது என்று தெரியாமல் சனம் பவுசர் தண்ணீருக்காகக் காத்து நின்றது. 2015இல் அடிப்படை உரிமை வழக்காக உயர் நீதிமன்றம் போய், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: அந்த மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும். நான்கு வருடம்! அத்தனை நாளும் அடுப்பில் உலை வைக்காமல் இருக்க முடியுமா?

இனி நம் மலை. இங்கே தண்ணீர் இருப்பது மேலே உக்கிய மண்ணிலும் கீழே பாறை வெடிப்புகளிலும். மழை இறங்கி, சரிவோடு நடந்து, ஊற்றாகிப் பீலிக்கு வருகிறது. மேலே தொழிற்சாலையின் ஜெனரேட்டர் டாங்கியோ லொறி கராஜோ இருந்து, கீழே லயம் இருந்தால், கசியும் எண்ணெய்க்கும் அதே பாதைதான். எந்த வெடிப்பில் நுழைந்து எந்த ஊற்றில் வரும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கேள்வி: கண்காணிப்பது என்றால் என்ன செய்ய வேண்டும்?
(நுவரெலியா)

பதில்: டாங்கிக்கு மேற்சரிவில் ஒரு குழாய்க்கிணறு, கீழ்ச்சரிவில் இரண்டு. மேலே உள்ளது எண்ணெய் படாத தண்ணீரைக் காட்டும். மூன்றிலும் நீர்மட்டம் அளந்தால் நிலத்தடி ஓட்டத்தின் திசை தெரியும். பெற்றோலும் டீசலும் மிதப்பவை. ஆகவே குழாயின் துவாரங்கள் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் குழாய்க்கு வெளியே மிதக்க, உள்ளே நல்ல தண்ணீர் கிடைக்கும். பீலியையும் விடக்கூடாது. அடைமழையில் ஒருமுறை, பெப்ரவரி வெயிலில் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். கசிவு வருவதற்கு முன்பே எடுத்த முடிவு கையில் இருந்தால், 'இது முன்னமே இப்படித்தான்' என்று யாரும் கைகழுவ முடியாது.

கேள்வி: பழைய சோடாப் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போகலாமா?
(கொட்டகலை)

பதில்: கூடாது. ஆய்வுகூடம் தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஏறிவிடும்.

கேள்வி: செலவு யாருடையது?
(நோர்வூட்)

பதில்: எண்ணெயை வைத்திருப்பவருடையது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்பதைத்தான் சுன்னாகத் தீர்ப்பும் சொன்னது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் கொடுங்கள். திகதி முத்திரை வைத்த பிரதியை வாங்காமல் வராதீர்கள்.