குறியீடு கிடைக்காத முழங்கால்

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நெய்தவரின் முழங்காலுக்கு வாய்த்தது தைல வாசனை மட்டும்.

குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பதில்கூட அவ்வளவு வம்பில்லை. எழுந்திருக்கும்போதுதான் வேடிக்கை: ஒரு கை தறிமரத்தில், ஒரு கை தரையில், வாயில் முருகன். டாக்டர், "சம்மணம் போடாதீங்க, குந்தாதீங்க, நாற்காலியில உட்காருங்க" என்கிறார். நாற்காலியைக் குழிக்குள் இறக்குவது எப்படி என்று சீட்டில் எழுதவில்லை.

தெருவின் இலவச மருத்துவர்கள் வேறு. "தேஞ்சது தேஞ்சதுதான், நடந்தா இன்னும் தேயும் மாமா, படுங்க." படுத்தால் தேய்வது தொடைத் தசைதான், அது மெலிந்தால் பாரமெல்லாம் மூட்டின் தலையில். அளவான நடை மூட்டுக்கு நல்லது.

உடம்பில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் மிச்சம். இவ்வளவு லாபம் எந்தச் சீட்டுக் கம்பெனியும் தராது. ஆனால் முகூர்த்தப் புடவை நெய்யும் ஊரில், பந்தியில் வரும் இரண்டாவது ஜாங்கிரியை மறுக்க யாருக்கு மனம் வரும்?

அரை மணிக்கொரு தரம் குழியை விட்டு எழுந்து நாலு எட்டு நடக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. தைலம் வாங்கக் கிளம்புமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.