ஓட்டத்துக்கு முகூர்த்தம்

சென்னையில் ஓடுவதற்கு உகந்த நேரம் எது என்ற ஆராய்ச்சியிலேயே பலருடைய ஷூ பெட்டிக்குள் இருந்தபடி பழசாகிவிடுகிறது. விடியற்காலைதான் என்பது ஒரு கட்சி: வெயில் இல்லை, பஸ் புகை இல்லை. உண்மைதான், ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வேர்வை உலராமல் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மாலைதான் என்பது எதிர்க்கட்சி: உடலின் வெப்பம் அந்தி நேரத்தில் உச்சத்தை எட்டுவதால் தசைகள் இளகியிருக்கும். அதுவும் உண்மை, ஆனால் அந்நேரம் நம் சாலைகளில் நடக்கவே இடமில்லை.

நள்ளிரவில் ஓடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு தோஹா பதில் சொல்லிவிட்டது. 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் எல்லைக்கோட்டைத் தொடவில்லை. சூரியன் போனாலும் புழுக்கம் போகவில்லை. ராகுகாலம், எமகண்டம் கழித்து நேரம் குறிப்பது கல்யாணத்துக்குச் சரி. அது ஒருநாள் கூத்து. ஓட்டம் தினப்படிச் சமாச்சாரம். மே மாத நண்பகலை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றபடி தவறாமல் வர முடிகிற நேரமே நல்ல நேரம். ஷூ கயிறு கட்ட ஒரு நிமிடம் போதும். முதலில் கட்டுங்கள், விவாதத்தை ஓடிக்கொண்டே வைத்துக்கொள்ளலாம்.