15 மாதத் தூதர்கள்

ஐ.நா. சபை இத்தனை ஆண்டு முக்கியும் முடியாததை, புளோரிடாவின் எப்காட் கேளிக்கைப் பூங்கா சாதித்துவிட்டது. ஒரே ஏரி, சுற்றிலும் 11 நாடுகளின் மாதிரி அரங்குகள். எல்லைத் தகராறே கிடையாது. மெக்சிகோவுக்கு அடுத்த வீடு நார்வே. பூகோள வாத்தியார்கள் கவனிக்க.

அமெரிக்கா நீங்கலாக மற்ற நாடுகளின் அரங்குகளுக்கு அசல் குடிமக்களையே க்யூ-1 என்ற பண்பாட்டுப் பரிமாற்ற விசாவில் வரவழைக்கிறார்கள். பதவி: பண்பாட்டுப் பிரதிநிதி. பிரான்சில் பிறந்து வளர்ந்து பட்டமும் வாங்கியவர், குட்டி ஈபிள் கோபுரத்தின் நிழலில் ஐஸ்கிரீம் விற்பார். வால்டேரைப் பற்றிப் பேசினால்தான் பண்பாடா? “கழிப்பறை எந்தப் பக்கம்?” என்ற கேள்விக்கு அசல் பாரிஸ் உச்சரிப்பில் வழி சொல்வது எந்தத் தூதரகத்தில் நடக்கும், சொல்லுங்கள்!

நார்வேக்காரர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். வைக்கிங்குகளையும் எண்ணெய்த் துரப்பண மேடையையும் காட்டிய பழைய படகுச் சவாரியை 2014-இல் மூடினார்கள். 2016-இல் அங்கே ‘ஃப்ரோசன்’ படத்தின் அரண்டெல் வந்தது. உலக வரைபடத்தில் இல்லாத அந்த ராஜ்ஜியத்துக்கும் சேர்த்து இப்போது நார்வேக்காரரே பிரதிநிதி. ஒரே சம்பளத்தில் இரண்டு தாய்நாடு!

15 மாதம் முடிந்தால் விசா தீரும். அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். அரண்டெல்லின் எல்சா ராணிக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு.