15 தொழில்களும் ஒரு பிஸ்கட்டும்

சமண இல்லறத்தார் செய்யக் கூடாத தொழில்கள் என்று சுவேதாம்பர மரபில் 15 அடங்கிய ஒரு பட்டியல் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் யோகசாஸ்திரத்தில் அதை விரித்து எழுதினார். காட்டை வெட்டக் கூடாது, தீயிட்டு நிலம் திருத்தக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, நீர்நிலையை வற்றவைக்கக் கூடாது, நஞ்சு விற்கக் கூடாது, எந்திரத்தில் போட்டு எண்ணெய் பிழியக் கூடாது. குஜராத்தில் இருந்த அந்தப் பெரியவருக்கு நெகிரி செம்பிலான் என்றொரு மலேசிய மாநிலம் வரப்போவது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் லாபுவிலோ ரந்தாவிலோ பஹாவிலோ ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் புகுந்து, சுவரில் மாட்டியிருந்த வேலைத் திட்டத்தைப் பார்த்து, வரிக்கு வரி ‘கூடாது’ போட்டுக்கொண்டே வந்தவர் மாதிரிதான் எழுதியிருக்கிறார். பட்டியலில் யானைத் தந்த வியாபாரமும் இருக்கிறது. தோட்டம் அதை மட்டும் செய்வதில்லை; அதற்காகத் தோட்டத்து மேனேஜரான தொரைக்கு ஒரு மார்க் போடலாம்.

இதைப் பார்த்ததும், ‘தோட்டமும் ஆலையும் நிறைந்த இந்தக் காலத்துக்குச் சமணம் ஒத்துவராது’ என்று முடிவு கட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமணத்தைப் படிக்கச் செம்பனைத் தோட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் கட்சி. முதலில் சமையலறையைக் கடந்துவிடுவோம், ஏனென்றால் ‘இந்தக் காலத்தில் கஷ்டம்’ என்பவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்துகொண்டு புலம்புகிறார்கள். உருளைக்கிழங்கு ஆகாது, வெங்காயம் பூண்டு ஆகாது, தேன் ஆகாது, பொழுது சாய்ந்தபின் சாப்பாடு ஆகாது. இதில் கடைசி விதிக்கு மலேசிய அரசாங்கமே உதவியிருக்கிறது. 1982 பிறந்த நள்ளிரவில் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். அன்றிலிருந்து இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் சூரியன் மறைகிறான். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டு, வழியில் நெரிசலில் நின்று, வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம். எந்தத் தீர்த்தங்கரரையும் கலந்துகொள்ளாமல் ஒரு நாடாளுமன்றம் சமணத்துக்குச் செய்த இவ்வளவு பெரிய தொண்டு வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. கிழங்கை விட்டால் கீரை இருக்கிறது. வேலியோரம் கங்கோங் கேட்காமலே வளர்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி, புரட்டாசியில் மரக்கறி என்று தோட்டத்துத் தமிழர்களும் தவணை முறையில் பாதிச் சமணர்களாகத்தான் இருந்துவருகிறார்கள். மழைக்காலம் நான்கு மாதமும் துறவிகள் ஓரிடத்தில் தங்க வேண்டும், ஈரத்தில் முளைத்த உயிர்களை மிதிக்கக் கூடாது என்ற விதி ஒன்றுதான் இடிக்கும். இங்கே ஆண்டு முழுக்க மழை பெய்யும். துறவி வந்தால் பன்னிரண்டு மாதமும் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அவருக்கு ஜெலுபுவைச் சிபாரிசு செய்யலாம். நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று பேர்பெற்ற ஊர்.

‘உணவு சரி, உழைப்பு? மண்ணைக் கிளறிப் பிழைக்கிறவன் எப்படிச் சமணனாக இருப்பான்? அது நகைக்கடைக்காரர்களின் மதம் அல்லவா?’ என்று கேட்கலாம். கேட்பவர்கள் வந்தவாசி, செஞ்சிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த தமிழ்ச் சமணர்கள் பரம்பரை உழவர்கள். தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பலர் அதே வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் வந்தவர்கள்தான். ஏர் பிடித்தும் சமணராக இருக்க முடிந்ததற்குக் காரணம், கொல்லாமையை அந்த மதம் ஒரே மொத்தமாக விற்பதில்லை. வேண்டுமென்றே கொல்வது வேறு, அடுப்பு மூட்டும்போது சாவது வேறு, தொழிலில் சாவது வேறு, தற்காப்பில் சாவது வேறு என்று பிரித்து, முதலாவதை இல்லறத்தாருக்கு அறவே தடுத்து, மற்றவற்றைக் குறைக்கச் சொல்கிறது. துறவிக்கு மகாவிரதம், வீட்டுக்காரனுக்கு அணுவிரதம்.

குறைப்பது என்றால் என்ன என்பதை ரப்பர்க் காலத்துப் பால்மரம் வெட்டுபவர்கள் எந்த முனிவரையும்விட நன்றாக அறிவார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால், ஒரு சீவலில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் எடுக்கலாம். கத்தி உள்ளே மரத்தைத் தொட்டால் அது காயம். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பாட்டுதான். ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்ததும் அதே இடத்தில் மறுபடி கத்தி வைக்கலாம். எடுக்கத்தான் வேண்டும், ஆனால் உயிரைத் தொடாமல் எடுக்க வேண்டும் என்பதை இவ்வளவு நுட்பமாக அளந்து சொன்ன சாத்திரம் அபூர்வம். பசுவின் பாலே இம்சைதான் என்று இன்றைய சமணர்களில் ஒரு சாரார் வாதாடுகிறார்கள். அவர்களுக்குக் கன்றை ஏமாற்றாத ஒரு பாலை அன்றே தோட்டம் கறந்து வைத்திருந்தது. காப்பியில் ஊற்ற முடியாது என்பது ஒன்றுதான் குறை.

செம்பனை வந்ததும் கணக்கு சிக்கலாகிவிட்டது. சமணர்கள் சொல்லும் ஒரு கதையில் பசித்த ஆறு பேர் ஒரு நாவல் மரத்தடிக்கு வருகிறார்கள். ஒருவன் வேரோடு சாய்ப்போம் என்கிறான், அடுத்தவர்கள் பெருங்கிளை, சிறுகிளை, கொத்து, பழம் என்று படிப்படியாக இறங்குகிறார்கள், ஆறாவது ஆள் கீழே உதிர்ந்ததே போதும் என்கிறான். அவன் ஆன்மாவின் நிறம் வெள்ளை. செம்பனைத் தோட்டத்திலும் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள் உண்டு. குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும் வேலை. ஆறு பேரில் உயர்ந்த ஆன்மாவின் வேலைக்குத் தோட்டம் நிர்ணயித்திருக்கும் கூலியைப் பார்த்தால், பலரும் முதல் ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்பார்கள்.

இனி பிஸ்கட். பட்டணத்துச் சமணர் வெங்காயம் இல்லாத பிஸ்கட்டைத் தேடி வாங்குகிறார். அது செம்பனை எண்ணெயில் பிசைந்தது. அந்த எண்ணெய்க்காகத் தோட்டத்தில் கூகைக்கு மரப்பெட்டியில் வீடு கட்டித் தருகிறார்கள், அது எலிகளைத் தின்றுகொள்ளட்டும் என்று. தொரை ஓர் எலியையும் தொடவில்லை. ஆனால் சமணம் செய்வது, செய்விப்பது, உடன்படுவது என்று வினையை மூன்றாக எண்ணுகிறது. துறவிக்கு மூன்றும் விலக்கு. இல்லறத்தாருக்குப் பொதுவாக முதல் இரண்டு. இங்கேதான் வக்கீல் வேண்டும்: காசு கொடுத்து பிஸ்கட் வாங்குவது உடன்படுவதா, செய்விப்பதா? உடன்படுவதுதான் என்றால் பட்டணத்துக்காரர் தப்பித்தார். செய்விப்பது என்றால், தன் பெயரும் தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் இருப்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கொடுப்பவர் நிறுத்தினால் வேலை நின்றுவிடும் என்பதால், இரண்டாவதுதான் சரி என்பேன். நவீன வாழ்க்கை விரதத்தைக் கடினமாக்கவில்லை. கொலை நடக்கும் இடத்தைச் சமையலறைக்கு வெகு தூரம் தள்ளி வைத்து, விரதத்தைப் பொய்யாகச் சுலபமாக்கிவிட்டது. தோட்டத்தில் நிற்பவருக்கு அந்தத் தூரம் கிடையாது.

‘அப்படிப் பார்த்தால் எல்லாரும் குற்றவாளி, பிறகு எதற்கு விரதம்?’ என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் எல்லாம் ஒரே அளவு குற்றம் என்பதைத் தோட்டத்து வரலாறே மறுக்கிறது. காடு கொளுத்தித் திருத்திய தோட்டங்கள், இன்று மறுநடவுக்கு வரும்போது பழைய மரங்களைத் துண்டாக்கி அங்கேயே மக்கவிடுகின்றன. திறந்தவெளித் தீயைச் சட்டம் தடுக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்து 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை. அதே ஆண்டு தேசிய நிலைத்தன்மைச் சான்றிதழும் தோட்டங்களுக்குக் கட்டாயமானது. மகாவீரரைக் கேள்விப்படாத ஆடிட்டர் கிளிப்போர்டோடு வந்து, 15இல் நாலைந்தையாவது கேட்டுவிட்டுப் போகிறார். அணுவிரதம் என்பது இந்த அளவுக்குச் சின்னதுதான். ஆனால் அந்த மருந்து இத்தனை காலம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் அது சின்னதாகத் தெரியாது. சமணத் துறவி வாயைத் துணியால் மூடுவது, தன் மூச்சில் சிற்றுயிர்கள் சாகாதிருக்க. மருந்தடிக்கும் பெண் வாயைத் துணியால் மூடியது, களைகளுக்கு வைத்த நஞ்சில் தான் சாகாதிருக்க.

சமணர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தால் எலி, புழு, காண்டாமிருக வண்டு என்று நீளும். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து, பெண்கள் கையால் செய்த மகரந்தச் சேர்க்கை வேலையை ஒப்படைத்த கூன்வண்டையும் சேர்க்கலாம்; சம்பளமே வாங்காத வெளிநாட்டுத் தொழிலாளி அது. கடைசியில் அந்த மருந்தடித்த அம்மாவின் பெயரும் வரும். இத்தனை பேரில் வாய் திறந்து பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மன்னித்தேன் என்றுதான் சொல்வார் என்று உறுதி கூற முடியாது.